செனானோடு முளைத்த முகடு

ஆய்வகத்தில் அவளுக்குக் கையுறை என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது. சோதனை நடக்கும் எஃகுக் கலத்தின் உட்புறத்தை வெறும் விரலால் தொட்டதற்காக வெற்றிடப் பம்பு பார்ப்பவரை எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தவள் அவள். காரணம் நியாயமானதுதான். அவளுடைய லேசரின் அதீத புற ஊதா ஒளிக்குக் காற்றைக் கடந்துபோகத் துப்பில்லை. அதற்கு வெற்றிடம் வேண்டும். விரல் எண்ணெய் ஒரு பொட்டு ஒட்டினாலும் அந்த வெற்றிடம் குட்டிச்சுவர்.

"அப்படி என்னதான் பண்றே அங்க?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார்.

"செனான்னு ஒரு வாயு, அத்தை. அதோட அணு மேல லேசரை அடிச்சு, எத்தனை எலக்ட்ரான் கழலுதுன்னு பார்க்கறேன்."

"அது பாட்டுக்கு இருந்ததை ஏம்மா வம்புக்கு இழுக்கறே?"

நிதிக் குழுவுக்கு அவள் எழுதிய நாற்பது பக்க விண்ணப்பத்திலும் இதற்கு விடை இல்லை.

லேசர் நிலையத்தில் ஒரு வாரம் கிடைக்க இரண்டு வருடம் தவம் கிடந்தாள். கடைசி நாள் லேசரை முழு வீச்சுக்கு ஏற்றியபோது, அயனிகளைக் காட்டும் திரையில் செனானுக்குப் பழக்கமில்லாத ஒரு முகடு எழுந்து நின்றது. ஆய்வக இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை.

"யாரும் பார்க்காதது இது. உடனே கட்டுரைய எழுதும்மா."

அவளுக்கும் சபலம் தட்டியது. ஆனால் செனானை நிறுத்திப் பார்த்தால் குட்டு வெளியாகிவிடும். அந்த முகடும் செனானோடு போனால் கண்டுபிடிப்பு, போகாவிட்டால் கலத்துக்குள் அழுக்கு.

"இப்ப எதுக்கு அதைப் போய் நோண்டறே?" என்றார் இயக்குநர்.

"நாம நோண்டலேன்னா வேற யாராவது நோண்டுவாங்க சார். ஊரே சிரிக்கும்."

செனான் வால்வை மூடினாள். செனான் முகடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அந்த ஒன்று மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பம்பு பார்ப்பவர் தொண்டையைச் செருமினார்.

"எவனோ கை வெச்சிருக்கான் மேடம். கலத்தைத் திறந்து ரேகை எடுத்தா ஆளைப் பிடிச்சிடலாம்."

அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். வாரத்தின் முதல் நாள், கலத்துக்குள் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். கையுறை வழுக்கி வழுக்கிப் பிராணனை வாங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று கழற்றினாள். அதற்குச் சற்று முன்புதான் கைக்குக் களிம்பு வேறு தடவியிருந்தாள்.

"ரேகையெல்லாம் வேண்டாம். என்னுதுதான்."

அவர் அலமாரியைத் திறந்து, புதிய கையுறைப் பெட்டி ஒன்றை அவள் முன்னால் மிகுந்த மரியாதையோடு வைத்தார்.

"அளவு சரியா இருக்கான்னு பாருங்க மேடம்."