அரையடி மூங்கிலும் கப்பலில் வந்த டிரான்ஸ்பார்மரும்

துறைமுகத்தில் பெரிய சரக்கு எடுக்கிற தொழிலில் கப்பலுக்காக நாம் எத்தனை நாளும் காத்திருக்கலாம். கப்பல் நமக்காக ஒரு மணி நேரம்கூட நிற்காது. டிரெய்லர்காரருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை கப்பல்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாமக்கல் வீட்டுக்கு மெட்ராஸ் கப்பல் ஏஜெண்டிடமிருந்து ட்ரங்க்கால் வந்தது. எடப்பாடிப் பக்கம் ஒரு ஆலைக்கு டிரான்ஸ்பார்மர் வருகிறதாம், வியாழக்கிழமை கப்பலாம். கிரேன் அதை நேராக டிரெய்லர் மேல்தான் இறக்கும். டிரெய்லர் நிற்கவில்லையென்றால் கப்பல் அதைச் சுமந்துகொண்டே கல்கத்தாவுக்குப் போய்விடும். எங்களுக்கு இது முதல் பெரிய சரக்கு. பிசகினால் அந்த ஏஜெண்டு இனிமேல் கூப்பிடமாட்டார். அவர் எங்களையே விடாமல் கூப்பிட வேண்டுமென்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரும் டிரைவர் செங்கோடனும் புதன்கிழமையே துறைமுக வாசலில் நின்றார்கள். வியாழன் போயிற்று, கப்பலைக் காணோம். எட்டாவதோடு படிப்பை விட்டவள் என்றாலும் எனக்குக் கிழமை தெரியும். சனிக்கிழமை ஏஜெண்டைப் போனில் பிடித்து, "ஏனுங்க, வியாழன்னுதானுங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. "எந்த வாரத்து வியாழன்னு நீங்க கேக்கலையேம்மா!"

அளவு மூங்கில்

அடுத்த வியாழன் சரக்கு இறங்கியது. செங்கோடனிடம் ஒரு மூங்கில் உண்டு. மெட்ராஸ் வழியில் இருப்பதிலேயே தாழ்வான ரயில் பாலத்துக்கு அடியில் நிறுத்திப் பார்த்து, அந்த உயரத்துக்கு வெட்டியது. சரக்கு மூங்கிலைத் தாண்டாவிட்டால் பாலத்தில் இடிக்காது. இந்த டிரான்ஸ்பார்மரோ மூங்கிலைவிட நாலு விரற்கடை உயரம். மதியத்துக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லித் துறைமுக அதிகாரி கத்துகிறார் என்று வீட்டுக்காரர் போனில் புலம்பினார்.

 போன மாதம் எங்கள் வீட்டில் கிடந்த அந்த மூங்கிலில்தான் துணி காயப்போட்டேன். சுவரில் இடித்ததால் நுனியில் அரையடி நறுக்கியிருந்தேன். மென்று விழுங்கிச் சொன்னேன்.  உடனே செங்கோடன் போனைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தான்: "அக்கா, ஒரே வெட்டுல பாலத்தையே அரையடி ஒசத்திப்போட்டீங்களே!"

ஆலை வாசல்

பாலத்துக்கும் சரக்குக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளி இருந்ததாம். டயர் வெடித்து, கரண்டு கம்பிகளைக் கொம்பால் தூக்கிவிட்டு, பத்தாம் நாள் ஆலைக்கு வந்துசேர்ந்தார்கள். நானும் தேங்காய் பழத்தோடு போயிருந்தேன். டிரான்ஸ்பார்மரை உட்காரவைக்க வேண்டிய மேடைக்கு அப்போதுதான் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இஞ்சினியர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன அவசரமா யாருங்க கொண்டாரச் சொன்னது?"

பிசகில்லாமல் சேர்த்ததற்காக ஏஜெண்டு அடுத்த சரக்கையும் எங்களுக்கே கொடுத்தார். நான் வேண்டிக்கொண்டதைச் சாமி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் தொலைத்துவிட்டது.