நடு வாங்கிலிருந்து

இயேசுவில் அன்பான சகோதரங்களே, கோயிலில் நீங்கள் என்னைக் கண்டிருப்பீர்கள். நடு வாங்கில், அந்த நீட்டு இருக்கையில், தூணோடு ஒட்டி இருந்து, சுவாமி பிரசங்கம் வைக்கிற நேரமாகப் பார்த்து இருமிக்கொண்டிருந்தவன் நான்தான். பெயர் ஜெராட் சூசைப்பிள்ளை. ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாக எழுதித் தாருங்கள் என்று செபக்குழுவில் கேட்டபோது, இயேசுவைத் தெரியாது என்ற இராயப்பரைப் போல மூன்று தரம் மறுத்தேன். நாலாம் தரம் கேட்டார்கள். சேவல் கூவுமுன் ஒப்புக்கொள்வோம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வருசம் தவக்காலம் தொடங்கின கிழமை எனக்கு ஒரு பதில் வந்தது. இல்லை என்ற பதில். அதோடு நான் முடிந்தேன் என்று நினைத்தேன்.

என் நுரையீரல் இரண்டும் தழும்பு பிடித்துக் கிடக்கின்றன. மூச்சு உள்ளே போகும், ஆனால் போன இடத்தில் இடமில்லை. பீடி, சிகரெட் என்று ஒன்றையும் நான் வாயில் வைத்ததில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் நான் குடித்த புகையை இந்தப் பங்கில் ஒருவரும் குடித்திருக்கமாட்டீர்கள். நான் கனடா இராணுவத்தில் இருந்தவன்.

இதை வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு முகம் சுருங்கும், அது எனக்குத் தெரியும். எனக்கே சுருங்கியதுண்டு. இலங்கையில் எங்களை வளைத்த அந்த ஆமி வேறு, கனடாவின் இந்த ஆமி வேறு என்று மூளைக்கு விளங்கும். வயிற்றுக்கு விளங்காது. எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இளந்தாரி வயதில் போய்ச் சேர்ந்தேன். அம்மா கண்மூடும்வரை ஊராருக்கு 'மகன் ஸ்டோர்ஸில் வேலை' என்றுதான் சொன்னா. இராணுவத்தின் சாமான் களஞ்சியத்தில்தான் எனக்கு வேலை. அதனால் அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கலியாணம் பேசி வந்த ஒரு வீட்டார் மட்டும் எப்படியோ விசயத்தை அறிந்து, அடுத்த கிழமையோடு போன் எடுப்பதை விட்டார்கள். அதன் பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை என்று வாயைப் பூட்டிக்கொண்டேன்.

என்னை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். பல நாட்டுப் படைகளும் இருந்த பெரிய முகாம் அது. முகாமின் ஓரத்தில் குப்பை எரிப்பதற்கென்று குழியாகத் தோண்டிய கிடங்கு ஒன்று இருந்தது. பிளாஸ்ரிக், பற்றரி, ரயர், பெயின்ற் வாளி, மெத்தை என்று கிடைத்ததெல்லாம் அதற்குள் போகும். மேலே எண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். களஞ்சியத்தில் கழிக்கிற சாமான்களைக் கொண்டுபோய் அங்கே போடுவது என் வேலையாயிற்று. போட்டுவிட்டு வரவும் முடியாது. முழுதாக எரிந்து முடியும்வரை நின்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் யாராவது இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாயிலும் மூக்கிலும் கைலேஞ்சி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தடியும் கையுமாக நின்றேன். துப்பினால் கறுப்பாக வரும்.

ஒருநாள் காலை எங்களை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தபோது இராணுவ டொக்ரர் வந்தா. கிடங்குப் பக்கம் போகிறவர்களில் இருமல், மூச்சு முட்டு உள்ளவர்கள் ஒரு அடி முன்னுக்கு வாருங்கள் என்று சொன்னா. சிலர் முன்னுக்குப் போனார்கள். நான் போகவில்லை.

ஏன் என்று வெள்ளைக்காரருக்கு எத்தனை தரம் விளக்கினாலும் விளங்காது. உங்களுக்கு ஒரு சொல்லில் விளங்கும்: தலையாட்டி. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். முகமூடி போட்ட ஒருவன் எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவன் தலை ஆட்டினால் அந்த ஆள் போனான். அப்படி ஒரு வரிசையில் நிற்கும்போது அப்பா எனக்குச் சொல்லித் தந்தார்.

"நடுவில நில்லு. ஆமிக்காரன் முன்னுக்கு வா எண்டால் காது கேளாதவன் மாதிரி நில்லு. விளங்குதோ?"

நன்றாக விளங்கிற்று. அந்தப் புத்தியால்தான் நான் உயிரோடு கனடா வந்து சேர்ந்தேன். ஆனால் அன்றைக்குக் கூப்பிட்டது என்னைக் காப்பாற்ற வந்த டொக்ரர். கால் அதை நம்பவில்லை. முன்னுக்குப் போனவர்களுடைய வருத்தம், என்ன நோய் என்று, அன்றே பதிவாயிற்று. எனக்கு இருமல் இருந்ததாகவே எங்கும் பதிவு இல்லை.

அந்த முகாமில் எங்கள் உடுப்புகளைத் தோய்ப்பதற்கு இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் தமிழர். கத்தோலிக்கர். பின்னேரங்களில் லோண்டரிக்குப் பின்னால் இருந்து செபமாலை சொல்வார்கள். நான் உடுப்புப் பையோடு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். பத்தாயிரம் பேர் நடுவில் தனியாக இருப்பவனுக்குத் தன் பாசையில் ஒரு செபம் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முடியப்போகிறது என்று தெரிந்ததும் நடையைக் கட்டிவிடுவேன். அவர்கள் எழும்பி வந்து என்னைக் கண்டு, நீ ஆர், எந்த ஊர் என்று தொடங்கினால் கதை ரொறன்ரோ வரைக்கும் போகும் என்று பயம். உடுப்பைக் கொடுத்து வாங்கும்போதும் இங்கிலீசில்தான் கதைத்தேன்.

ரொறன்ரோவில் வருத்தம் முற்றிய பிறகு, இது சேவையில் வந்தது, உதவி தாருங்கள் என்று முன்னாள் படையினரைக் கவனிக்கிற அரச இலாகாவுக்கு விண்ணப்பித்தேன். வேலையும் விட்டாயிற்று. மருந்துக்கும் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் வாடகைக்கும் அதைத்தான் நம்பியிருந்தேன். அதற்குத்தான் இல்லை என்று பதில் வந்தது. நீர் முகாமில் இருந்தது உண்மை, களஞ்சியத்தில் வேலை செய்ததும் உண்மை, கிடங்கில் நின்றதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். முன்னாள் படையினருக்கென்று இலவசமாக வாதாடுகிற ஒரு சட்டத்தரணி அம்மா கிடைத்தா. நல்ல மனிசி. மீளாய்வு கேட்கலாம், ஆனால் உம்மை அந்தக் கிடங்கில் கண்ணால் கண்ட ஒருவரைக் கொண்டுவாரும் என்றா.

யாரைக் கொண்டுபோவது? என்னை அனுப்பிய சார்ஜன்ற் செத்துப்போனார். என்னோடு களஞ்சியத்தில் இருந்த ஒருவன் பதிலே போடவில்லை. இன்னொருவன், உன் முகம் ஞாபகம், நீ செய்த வேலை ஞாபகம் இல்லை என்றான். நடுவில் நின்று யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பழகியவன் நான். அதை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மாதத்தை எப்படிச் சொல்ல? எங்கள் கட்டடத்தில் எலிவேற்றர் அடிக்கடி நிற்கும். படியில் இரண்டு மாடிக்கு ஒரு தரம் இருந்து இருந்து ஏறுவேன். ஆட்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். ஹலோ என்பார்கள், நானும் ஹலோ என்பேன். மருந்துக் கடைக்காரனோடு கதைக்கும்போதுதான் என் குரலை நானே கேட்பேன். செத்தால் மணம் வந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள் என்று நினைத்து, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் பயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இயேசுவை வளர்த்த சூசையப்பருக்குரிய மார்ச் மாதம் அது. அம்மா வைத்துக் கும்பிட்ட அவருடைய பழைய சுரூபம், சின்னச் சிலை, ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்து செபித்தேன். செபம் என்றும் சொல்ல முடியாது, சண்டை.

"சூசையப்பரே, உம்முடைய பேரைத்தான் சுமக்கிறன். சுவிசேசத்தில நீரும் ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. நானும் கதைக்கிறதில்லை. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் எனக்காக ஆர் கதைக்கிறது?"



சூசையப்பர் திருநாள் பூசைக்கு ஸ்காபரோவில் எங்கள் கோயில் நிறைந்து இருந்தது. பூசை முடிந்ததும் சுவாமி, வருத்தக்காரர் முன்னுக்கு வாருங்கோ, தலையில் கை வைத்துச் செபிக்கிறேன் என்றார். ஒவ்வொரு வருசமும் சொல்வார். ஒவ்வொரு வருசமும் நான் தூணைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அன்றைக்கு எப்படி எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. எழும்பிய பிறகுதான் எழும்பியதே தெரிந்தது. பீடம் வரைக்கும் நடக்க நீண்ட நேரம் எடுத்தது. என்ன வருத்தம் என்று சுவாமி கேட்டார். அவர் கையில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"சுவாமி, நான் கனடா ஆமியில இருந்தனான். அங்க குடிச்ச புகைதான் இந்த வருத்தம். கண்ட சாட்சி ஒருத்தரும் இல்லை. எனக்கு ஒரு சாட்சி கிடைக்கச் செபியுங்கோ."

கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது. சுவாமி தலையில் கை வைத்தார்.

பிறகு கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி. என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. "ஆர், உவரோ? ஆமியோ?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. ஒரு அன்ரி மட்டும் வந்து என் தட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்துவிட்டுப் போனா. அன்ரி, நீங்கள் இதை வாசித்தால், அந்த ரோல்ஸை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அழுதுகொண்டு சாப்பிட்டேன்.

புறப்படுவோம் என்று கோட்டைக் கொளுவிக்கொண்டு நிற்கும்போது ஒரு வயதான மனிதர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குளிருக்கு மருமகனுடைய ஜக்கெற் போட்டிருந்தார், கை விரலை மூடிக்கொண்டு தொங்கியது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். மகளுக்கு மார்க்கம் நகரில் கொம்பியூற்றர் வேலை. அவர்கள் வழக்கமாக வீட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஸ் பூசைக்குப் போகிறவர்கள். சூசையப்பர் திருநாளுக்காவது தமிழ்ப் பூசை காணவேண்டும் என்று இவர்தான் பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறார்.

"சார், நீங்க சூசைப்பிள்ளை சார்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"நான் அருளப்பன் சார். அந்தக் கேம்ப்ல லாண்டரில இருந்தேன். உங்க சட்டைய நான்தான் தொவைப்பேன்."

கொளுவின கோட்டைத் திரும்பவும் கழற்றினேன்.

"சட்டை மார்புல பேரு தச்சிருக்கும்ல. இங்கிலீஸ்ல இருந்தா என்ன, நம்ம சூசையப்பர் பேரு நமக்குத் தெரியாதா? உங்க துணிய மத்த துணியோட போட முடியாது சார், அம்புட்டுக் கரி. லாண்டரிக் குப்பையக் கொட்ட நான் அந்தக் கெடங்குக்கு வருவேன். நீங்க மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு, கம்ப வச்சுக்கிட்டு நிப்பீங்க. பாத்துருக்கேன்."

பாத்துருக்கேன். சகோதரங்களே, இந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை கதவு தட்டினேன்.

அருளப்பன் அண்ணை பிறகு சட்டத்தரணி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தா. அந்த முகாமில் வேலை செய்த பழைய பாஸ் ஒன்றை அவர் செபமாலைப் பைக்குள் வைத்திருந்தார், விசாரணைக்கு அதையும் காட்டினார். கோடை முடியும்போது பதில் வந்தது. ஓம், இந்த வருத்தம் சேவையில் வந்ததுதான் என்றார்கள். சட்டத்தரணி அம்மா போனில் வாசித்தபோது, இன்னொரு தரம் வாசியுங்கோ என்று கேட்டேன். மருந்துக்கும் வாடகைக்கும் வழி பிறந்தது. அதை விட, நீ அங்கே நின்றாய், நீ பொய்யன் இல்லை என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். ஆண்டவருக்கும் சூசையப்பருக்கும் நன்றி.

நுரையீரல் சுகமாகவில்லை. புதுமை நடந்து நான் ஓடித் திரிகிறேன் என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை என் இருமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நான் மாறிவிட்டேன். இப்போது முன் வாங்கில் இருக்கிறேன். இந்தப் பங்கில் இரண்டு தாய்மார், பிள்ளைகள் சேவையில் இருப்பதை மெதுவாக எனக்கு மட்டும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளோடு போனில் கதைக்கிறேன். முன்னுக்கு வா என்று டொக்ரர் கூப்பிட்டால் போங்கோ, இருமினால் அன்றைக்கே சொல்லுங்கோ என்கிறேன். எங்கள் அப்பாமார் சொல்லித் தந்தது அந்த ஊருக்கு, அந்தக் காலத்துக்குச் சரி.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அன்றைக்கு மண்டபத்தில் நான் அருளப்பன் அண்ணையிடம் கேட்டேன், "அண்ணை, நான் தமிழன் எண்டு தெரிஞ்சும் ஏன் என்னோட கதைக்கேல்லை?"

அவர் சார் என்பதையும் விட்டுவிட்டார்.

"நீங்க பேசல தம்பி. ஏதோ காரணம் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கிறது தெரியும். அதுக்காகவே கொஞ்சம் சத்தமா செபமாலை சொல்வோம். முடிக்கும்போது எங்க பிள்ளைங்க பேரச் சொல்லி, கடைசில உங்க பேரையும் சொல்லி வேண்டிக்குவோம். ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தோம். நீங்க அதுக்கு முன்னாடியே போயிருவீங்க."

அண்ணை ஊருக்குத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் சேர்ந்து செபமாலை சொல்கிறோம். நான் இப்போது கடைசிவரை இருக்கிறேன்.

உங்களில் யாராவது சுவருக்கு இந்தப் பக்கம் தனியே நிற்கிறீர்கள் என்றால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். செபம் முடியுமுன் எழும்பிப் போகாதீர்கள். உங்கள் பெயர் கடைசியில் வருகிறது.