ஒரு வரி பார்க்க அனுமதி

நான் வளர்ந்த இல்லத்தை மூடிவிட்டார்கள் என்பது எனக்கு வாட்ஸப்பில்தான் தெரிந்தது. ஏழு வயதில் அங்கே வந்து சேர்ந்து, பத்து வருஷம் என் பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவள் இப்போது திருவாதவூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள்தான் பேசி அனுப்பியிருந்தாள்.

“கட்டடத்தை இடிக்கப் போறாகளாம்டி. நம்மளச் சேத்த ரிஜிஸ்டரெல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருச்சாம். வேணுங்கிறவுக அங்கன போயிப் பாத்துக்கிறலாம்னு சொல்றாக. எனக்கு என் கதை தெரியும், எனக்கு வேணாம். நீ போறதுன்னா போ.”

என் கதை எனக்குத் தெரியாது. யாரோ கொண்டுவந்து விட்டார்கள், அப்போது எனக்கு நடை சரியாக வரவில்லை. இல்லத்தில் எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். என் பெயர்கூட அவர்கள் வைத்தது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டைப்பிஸ்ட்டாக இருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய் பெயர், தந்தை பெயர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று எழுத எதுவும் இல்லை என்பது பழகிவிட்டதாகவே நினைத்திருந்தேன். அந்தக் குரல் பதிவை நான்கு முறை கேட்டபோதுதான் பழகவில்லை என்று புரிந்தது.

“இம்புட்டு நாளா இல்லாம இப்ப என்னத்துக்கு?” என்றார் வீட்டுக்காரர். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“சும்மா பாத்துட்டு வாரேன்.”

“பாத்துட்டு வந்து?”

துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன்.

செல்லூரில் எங்கள் சந்தில் கரண்ட் போனால் ஒழிய பவர்லூம் சத்தம் நிற்காது. அதிலேயே இருந்துவிட்டு காப்பகத்தின் வாசிப்பறைக்குள் போனபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான்கு நீள மேஜைகள், மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, நாப்தலின் உருண்டை வாசனை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் விதிகளை எழுதி வைத்திருந்தார்கள். பையை வெளியே பெட்டியில் வைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். செல்போன், தண்ணீர் பாட்டில் கூடாது. எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பக் கூடாது. ஆவணத்தின் மேல் கையை ஊன்றக் கூடாது. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தேன். இல்லத்தில் சாப்பாட்டுக் கூடத்திலும் இப்படி ஒரு பலகை இருந்தது. சொன்னபடி நடந்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குள் அப்போதே ஊறிப்போயிருந்தது. திரும்பிப் போய் பேனாவைப் பையில் வைத்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு பென்சில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசிப்பறைக்குப் பொறுப்பு ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள்.

“எந்தக் காலேஜ்க்கா?”

“காலேஜ் இல்லம்மா. நான் என்னையப் பத்திப் பாக்கணும்.”

அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், முகவரி எழுதினேன். ஆய்வின் தலைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் யோசித்து, ‘நான்’ என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“அழிச்சிட்டு ‘தனிப்பட்ட விவரம்’னு எழுதுங்கக்கா. ‘நான்’னு எழுதுனா மேல ஒத்துக்கிற மாட்டாங்க. ஒரு பரிந்துரைக் கடிதமும் வேணும்.”

எங்கள் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மறுவாரம் அரைநாள் லீவில் போனேன். ஆவணப் பட்டியலில் இல்லத்தின் பெயருக்குக் கீழே ‘சேர்க்கைப் பதிவேடு’ என்று வரிசையாக இருந்தது. எண்ணைக் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அரைமணி கழித்துச் சீட்டு மட்டும் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் ‘மூடப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

குழந்தைகள் பதிவேட்டை, அதில் கடைசியாக எழுதிய நாளிலிருந்து எழுபத்தைந்து வருஷம் திறக்கக் கூடாதாம். அதில் இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கலாம், அவர்கள் விவரம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்றாள். விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதிவேடு திறக்கும்போது எனக்கு எண்பது தாண்டியிருக்கும்.

“நானே அடுத்தவளா?” என்று கேட்டேன். மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். சத்தமாகப் பேசக் கூடாது என்பதும் விதிகளில் ஒன்று.

அவள் குரலைத் தாழ்த்தி, தன்னுடைய வரியை மட்டும் பார்க்க ஒரு விண்ணப்பம் உண்டு, அது குழுவுக்குப் போகும், நாளாகும் என்று சொன்னாள். அதை நிரப்பவும் உதவினாள். நான்தான் அந்தக் குழந்தை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இல்லம் எனக்குக் கொடுத்த பத்தாம் வகுப்பு நன்னடத்தைச் சான்றிதழில் என் பதிவு எண் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தம்மைப் பற்றிய பதிவை மட்டும், பொறுப்பாளர் முன்னிலையில், ஒரு முறை பார்வையிடலாம். நகலோ படமோ எடுக்கலாகாது. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். “கோயிலுக்குப் போற மாதிரில்ல போற” என்றார் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

மூலையில் இருந்த மேஜை முன்னால் அந்தப் பெண் என்னை உட்கார வைத்தாள். கை கழுவித் துடைத்திருந்தேன். சிவப்பு காலிகோத் துணி அட்டை போட்ட நீளமான பதிவேடு பஞ்சு மெத்தை மேல் திறந்திருந்தது. பக்கத்தின் மேல் ஒரு பெரிய வெள்ளை அட்டை. அதன் நடுவில் ஒரு வரி அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள். அட்டை நகராமல் இரண்டு பக்கமும் சின்ன மணல் பைகள். அந்த வெட்டுக்குள் தெரிந்ததுதான் நான்.

எண். தேதி. பெண். வயது சுமார் ஒன்றரை. கொண்டுவந்தவர்: மேற்படி. குழந்தைக்கு உறவு: மேற்படி. ஊர்: மேற்படி. விடுவதற்கான காரணம்: மேற்படி. கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் குறிப்பு: ‘மற்றதன் கையை விடவில்லை. பிரித்தால் அழுகிறது.’

‘மேற்படி’ என்பது டைப்பிஸ்ட் வேலையில் நான் ஆயிரம் தடவை அடித்த வார்த்தை. மேல் வரியில் இருப்பதேதான் இங்கேயும் என்று அர்த்தம். மேல் வரியின் மேல் வெள்ளை அட்டை இருந்தது.

என்னோடு இன்னொரு குழந்தை வந்திருக்கிறது. ஒரே ஆள் கொண்டுவந்திருக்கிறார், ஒரே ஊரிலிருந்து, ஒரே காரணத்துக்காக. முதல் குழந்தைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எனக்கு வரும்போது எழுதியவருக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

“அம்மா, மேல இருக்கிற வரியை மட்டும் காமிங்க.”

“முடியாதுக்கா. அது வேற ஒருத்தரோடது.”

“அது என் கூடப் பொறந்தது. இந்தாங்க, எழுதியிருக்கு பாருங்க.”

அவள் குனிந்து படித்தாள். முதன்முறையாகப் படிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அவங்க சம்மதம் இல்லாம நான் காமிக்க முடியாதுக்கா. அதுக்குத்தான் என்னைய இங்க வச்சிருக்காங்க.”

“அவுக யாருன்னே தெரியாம நான் எங்கிட்டுப் போயி சம்மதம் கேக்க?”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறையில் வேறு யாரும் இல்லை. அட்டையின் ஓரம் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு மணல் பையை நகர்த்தியிருந்தால் போதும்.

நான் என் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொடக்கூடாது என்பதைத் தொடாமல் இருப்பது எனக்கு அம்புட்டு இயல்பாக இருந்தது. என் வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் வெகுநேரம் நின்றாள். மூன்று நிமிஷம் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். திரும்பி வந்து முதலில் அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“பாத்துட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“பாத்துட்டேன்” என்றேன், என் வரியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து. அவள் பதிவேட்டை மூடினாள்.

அவள் எதற்காக எழுந்து போனாள் என்பது எனக்குப் பஸ்ஸில், வைகைப் பாலத்தின் மேல் வரும்போதுதான் உறைத்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் பஸ் கிடைத்துத் திரும்பிப் போனபோது வாசிப்பறையைப் பூட்டியிருந்தார்கள். நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு அம்மா, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் அழுகிறேன் என்று நினைத்து எந்த வார்டு என்று விசாரித்தாள்.

மறுநாள் போய்ச் சம்மதம் கேட்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள். முந்தின நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் வேலைக்கே கேடு வந்திருக்கும். அவள் வெறுமனே காற்று வாங்கத்தான் போனாளோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது.

நான்கு மாதத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட நபரின் தற்போதைய இருப்பிடம் பதிவுகளில் இல்லை. இறந்ததற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே உயிருடன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். சம்மதமின்றி விவரம் வெளியிட இயலாது. மறுபடி பார்வையிட விண்ணப்பித்தேன். ஒரு முறை அனுமதி ஏற்கனவே வழங்கப்பட்டுவிட்டது என்று எழுதினார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் என்னிடம், எந்தக் காலேஜ் என்று கேட்டார்.

திருவாதவூர்க்காரிக்குப் போன் போட்டேன். “சின்னதுல என் கூட யாராச்சும் இருந்த மாதிரி ஞாபகம் இருக்காடி?”

“நான் வந்தப்ப நீ தனியாத்தான இருந்த. பொடிசுகளோடகூட நீ சேரமாட்ட.” பிறகு, “அஞ்சு வயசானா ஆம்பளப் பிள்ளைகளை வேற ஊரு இல்லத்துக்கு அனுப்பிருவாகள்ல. அப்படிப் போயிருக்குமோ?” என்றாள்.

அப்படித்தான் போயிருக்க வேண்டும். அல்லது செத்துப் போயிருக்கலாம். ஆதாரம் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள். நினைவைத் தோண்டித் தோண்டிப் பார்க்கிறேன். சமணர் மலை தெரியும் ஜன்னல் வருகிறது, அலுமினியத் தட்டு வருகிறது. ஒரு கை மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஒருநாள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “நீ அந்த அட்டையைத் தூக்காததுல தப்பில்ல. நான்னாலும் பயந்திருப்பேன்.” நான் பயப்படவில்லை. தூக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் பள்ளிக்கு ஒரு புது டீச்சர் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு மேடம்?” என்று கேட்டார். யாரும் இல்லை என்று இத்தனை வருஷமும் யோசிக்காமல் சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். அவர் கேட்டதை மறந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.