பகல் தூக்கமும் குளிராத ஏசியும்

இரவு ஷிப்ட் வேலையில் இரவு ஒரு கஷ்டமே இல்லை. விடிந்த பிறகுதான் நம் பாடு ஆரம்பிக்கிறது. ஊரே நாஷ்டாவை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நாம் பாயை விரிக்க வேண்டும். பகலில் தூங்கிப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் நம்மைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு போகட்டும்.

கும்மிடிப்பூண்டியில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. என் அறைத்தோழன் தாஸ் பழவேற்காட்டுக்காரன். அதே கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நிற்பவன். இருவருக்குமே இரவு ஷிப்ட். பகலில் தூங்குவதற்காகவே ஏசி வைத்த மாடி அறையாகப் பார்த்து, அதற்குக் கூடுதல் வாடகையும் ஒத்துக்கொண்டு குடியேறினோம். கோடை சூடு பிடிக்கும் வரை ஏசி ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள், நன்றாக வெயில் ஏறியதும், வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. அன்றிலிருந்து தினமும் அதே கதை.

உதவி எண்

ஏசி கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அதை அழுத்து, இதை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு, பாட்டும் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். ரிமோட்டில் குளிருக்கான பனிப்பூ படம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. ஜன்னல் மூடியிருக்கிறதா என்றார். மூடி, அதன்மேல் போர்வையும் தொங்கவிட்டிருந்தோம். ஃபில்டரைக் கழுவச் சொன்னார். அதை முதல் நாளே தாஸ் கழற்றிக் கழுவிவிட்டான். வந்த தூசியில் ஒரு தலையணை தைத்திருக்கலாம்.

அவரிடம் இருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னதில் அவருக்கு வருத்தம் என்று நினைக்கிறேன். கடைசியாகச் சொன்னார்: "அப்போ கூலிங் வரணுமே சார். வரலைன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

காலையில் வருகிறவர்

அடுத்து பஜாரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாபு. ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் நைனாதான். காலையில் வருகிறேன் என்றார். நாங்கள் தூங்காமல் காத்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில், ஷிப்டுக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார். மெக்கானிக்குகளின் கடிகாரத்தில் காலை என்பது அதுதான் போலிருக்கிறது.

மொட்டைமாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். கேஸ் குறைந்திருக்கிறது என்றார். அதை அளக்கும் மீட்டர் அவர் பைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதற்காவது தூக்கம் கிடைத்ததே. கொஞ்சம் கேஸ் ஏற்றினார். அறை ஜில்லென்று ஆனது. டப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வெயில் ஏறியதும் பழையபடி அனல். போன் செய்தால் அலுத்துக்கொண்டே மறுபடி வந்தார், அதுவும் சாயங்காலம். இந்த முறை ஒன்றுமே செய்யாமல், சும்மா போட்டுப் பார்த்தார். ஏசி எங்கள் மானத்தை வாங்குவது மாதிரி குளிர்ந்தது. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பாபு சொன்னார்: "ஏசி நல்லாத்தான் கீது நைனா. வெயிலுதான் சரியில்ல."

சூப்பர்வைசரின் அக்கறை

நான் தூங்கி வழிந்தால் ஒரு கீறல் விழுந்த பாகம் தப்பிப் போகும், அவ்வளவுதான். தாஸின் கதை அப்படியில்லை. பிரஸ் மெஷினுக்கு முன்னால் கண் சொருகினால் கை போய்விடும். அவன் ஒழுங்காகத் தூங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டும், டீ குடித்துக்கொண்டும் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓர் இரவு மெஷினின் மிதியை மிதித்துவிட்டான், கையை எடுக்க மறந்துவிட்டான். மெஷின் இறங்கியபோது கையுறையின் நுனி தகட்டோடு போனது. விரல் எப்படித் தப்பியது என்று அவனுக்கே தெரியவில்லை.

நான் அவன் பக்கத்தில் ஓடிப் போய் நின்றேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். முதலில் மெஷினைச் சுற்றிப் பார்த்தார், அதற்கப்புறம் தகட்டை, கடைசியில் தாஸை. ஒரு நாள் லீவு கொடுங்கள் என்று கேட்டேன். ஆள் பற்றாக்குறை என்றார். போகும்போது, பெரிய மனதோடு, புதுக் கையுறை ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தூக்கத்த ஊட்லயே முடிச்சுக்கினு வரணும்பா. இங்க எடுத்துக்கினு வரக்கூடாது."

மாடியில் கூடாரம்

மறுநாள் பகலில் அறையில் படுக்கவே முடியவில்லை. மாடிப்படியின் நிழலிலாவது சாயலாம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு இருவரும் மேலே போனோம். பட்டப்பகலில் அந்த மாடியை நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தகர ஷெட்டுக்குக் கீழேதான் எங்கள் அவுட்டோர் யூனிட். அதைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி, கீழே செங்கல் வைத்து இறுக்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கொடி நிறைய வெள்ளைச் சட்டை. யூனிட்டின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு ஈரப் போர்வை. விட்ட அனலையே திரும்ப இழுத்துக்கொண்டு அந்த மெஷின் முக்கி முனகிக்கொண்டிருந்தது. அறையை எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா நிதானமாகப் போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. காற்று திரும்பியதிலிருந்து பக்கத்து உருக்காலைக் கரி முழுக்க மாடியில்தான் விழுகிறதாம். பிள்ளைகளின் யூனிஃபார்மை வெளியே போட்டால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடுமாம். எங்கள் ஏசி விடும் சூட்டில் துணி சீக்கிரம் காய்கிறதாம். பொழுது சாய்வதற்குள் துணியையும் எடுத்து, தார்ப்பாயையும் சுருட்டிவிடுவாராம். பாபு டார்ச்சோடு வரும்போது அங்கே பார்க்க என்ன இருந்திருக்கும்? நான் கத்தினேன். பகலில் ஏசி போடுகிறவர்களை இந்த ஊரில் எங்களைத் தவிர யாரையும் பார்த்ததில்லை என்று அவரும் கத்தினார்.

தாஸ் கத்தவில்லை. இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினான். "யக்கா, ராத்திரி ஒரு வெரலு போயிருக்கும். நான் தூங்கலன்னா இன்னொரு நாளிக்குப் போயிடும். அத்த எந்தக் கொடியில காயப்போட்டாலும் திரும்பி வராது."

அந்த அம்மா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செங்கல்லை நகர்த்தி, தார்ப்பாயை அவிழ்த்தார். இத்தனை பேரில் அவன் கையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான் என்று உருகிப் போனேன். அந்த உருக்கம் மறுநாள் காலை வரைதான் நீடித்தது.

வாளி நிறையத் துணியோடு எங்கள் அறை வாசலில் நின்றார். கரி இல்லாத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதானாம். கேட்காமலேயே உள்ளே வந்து, ஜன்னலிலிருந்து கதவு வரை, எங்கள் பாய்களுக்கு நேர் மேலே கொடியைக் கட்டினார். தாஸ் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். கடைசிச் சட்டையை உதறிப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தும்போது என்னிடம் சொன்னார்: "ஏசிய மட்டும் நிறுத்திடாதீங்கபா. போர்வை காய லேட் ஆவும்."

ஏசி குளிர்கிறது, தாஸுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது. சொட்டுகிற யூனிஃபார்முக்குக் கீழே படுத்தபடி இதற்கு மேலும் எதிர்பார்த்தால், இரவு ஷிப்ட்காரனுக்குப் பேராசை என்று இந்த ஊர் சொல்லிவிடும்.