சௌந்திரம் வாசித்த பாடம்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தறிக்காரர்கள் தெருவில், கந்தப்பன் மகள் சௌந்திரம் புத்தகத்தை விரித்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூடக் கொஞ்சம் நின்று கேட்கும். அப்படி ஒரு குரல் அவளுக்கு. கணீரென்று, எங்கும் தட்டாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பாள். நெசவாளர் சொசைட்டியிலிருந்து வரும் கடுதாசி, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். வாசித்து முடித்ததும் பெரியவர்கள், "தங்கமாட்டம் வாசிக்குது அம்மிணி" என்பார்கள். பிறகு தங்களுக்குள் கூடிப் பேசி, கடுதாசியில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்தப் பேச்சில் சௌந்திரம் இருக்க மாட்டாள். அவள் வேலை வாசிப்பதோடு முடிந்துவிடும்.

தொடக்கப் பள்ளியில் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. டீச்சர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் கூரை அதிர அதைத் திருப்பிச் சொல்வார்கள். எழுத்தைப் பார், வாயைத் திற, சத்தமாகச் சொல். சௌந்திரம் அதைச் சீக்கிரமே கரைத்துக் குடித்துவிட்டாள். சின்ன வகுப்புக்கு அது சரிதான், அங்கிருந்துதான் தொடங்கவும் வேண்டும். ஆனால் அதுவே வாசிப்பின் முடிவு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டாள். அப்படியில்லை என்று சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் பாடத்துக்கு ஒரு வாத்தியார். விஞ்ஞானத்துக்குக் கைலாசம் சார். நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. பிரம்பு எடுத்ததில்லை, சைக்கிள் பஞ்சரானாலும் தள்ளிக்கொண்டே வந்து மணி அடிக்கும் முன் வகுப்பில் நிற்பார். ஒரு பெஞ்சுக்கு ஒரு புத்தகம் இருந்தாலே பெரிய விஷயம் என்பதால், பாடத்தை ஒருவர் எழுந்து நின்று வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அங்கே வழக்கம். "சௌந்திரம், எந்திரி, வாசி" என்பார். அவள் வாசிப்பாள். முடிந்ததும் அவர், "ஆவியாதல்னு ஆரம்பிக்குதில்ல, அதுல இருந்து அந்தப் பத்தி முடியற வரைக்கும் மூணாங் கேள்விக்குப் பதில், கோடு போட்டுக்குங்க" என்பார். பென்சில்கள் கோடு போடும். வரலாற்று சாரும் அப்படித்தான், பூகோள டீச்சரும் அப்படித்தான். கோடு போட்டதை மனப்பாடம் செய்வது சௌந்திரத்துக்குத் தண்ணி பட்ட பாடு. பள்ளிப் பரீட்சையில் புத்தகத்துக் கேள்வியே அப்படியே வரும், அவளும் அப்படியே எழுதுவாள். மார்க்குக்குக் குறைவே இல்லை.

கந்தப்பன் தறியில் உட்கார்ந்தபடியே வருவோர் போவோரிடம் சொல்வார்: "எம் பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. தேறட்டுமுங்க, டீச்சர் ட்ரெய்னிங்குக்கு அனுப்பிச்சுப் போடறேன். அவளாச்சும் இந்தத் தறிக்குழியில கால வெக்காம இருக்கோணும்." தேறினால் டீச்சர், தேறாவிட்டால் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டியதுதான், அப்புறம் கல்யாணம். வீட்டில் இதை யாரும் மிரட்டலாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் வரலாற்றுப் பாடம் நடந்தது. சௌந்திரம் எழுந்து நின்று ஒரு முழுப் பக்கத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொன்னாயி வாசிப்பில் மகா மட்டம், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படிப்பவள்.

"ஏண்டி சிரிக்கறே?" என்று சௌந்திரம் கிசுகிசுத்தாள்.

"ஏண்டி, ஒரே சண்டைக்கு ரெண்டு ராசாவும் நாந்தான் செயிச்சேன்னு கல்லு வெட்டி வெச்சுட்டாங்களாமே. அப்பத் தோத்தது ஆருடி?"

"அப்படியா போட்டிருக்குது?"

பொன்னாயி அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். "நீதானடி இப்ப வாசிச்சே!"

சௌந்திரம் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். சொற்களெல்லாம் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் வாய் சுத்தமாகச் சொல்லியிருந்தது. ராஜா, போர், வெற்றி, கல்வெட்டு. ஆனால் அவை சேர்ந்து ஒரு விஷயத்தைச் சொல்லின, அதில் சிரிக்கவும் இடமிருந்தது என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. வாசிக்கும்போது அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் குரல் மட்டும்தான். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தாள். எழுத்துக் கூட்டுகிறவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்ற பயம், அதை வெளியே சொன்னால் ஊரே சிரிக்குமே என்ற வெட்கம், இரண்டும் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டன.

அப்படியும் ஒரு தடவை கேட்டுவிட்டாள். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய தைரியம் என்பேன். பள்ளி விட்டதும் கைலாசம் சார் சைக்கிளை எடுக்கும் இடத்தில் போய் நின்றாள்.

"சார், நான் வாசிக்கறேனுங்க. ஆனா அது என்ன சொல்லுதுன்னு எனக்கு உள்ள எறங்க மாட்டேங்குதுங்க சார்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, செல்லமாகத்தான். "உனக்கே எறங்கலைன்னா இந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஆருக்கம்மா எறங்கும்? இன்னும் ரெண்டு தடவை சத்தமா வாசி, தானா வந்துரும். போ சாமி, ஊட்டுக்குப் போ."

அவளும் போனாள். சொன்னபடி இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள்.

இங்கே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். வாசிப்பு என்ன ஒரே மூச்சில் தாண்டும் வாய்க்காலா? முதலில் எழுத்து தெரிய வேண்டும். பிறகு தடுக்காமல் ஓட வேண்டும். அதற்கும் பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது: தனக்கு முன்பின் தெரியாத ஒன்றைப் பக்கத்திலிருந்து எடுத்து, தனக்குத் தெரிந்ததோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பது. கதையை வாசிக்கிற மாதிரி விஞ்ஞானத்தை வாசிக்க முடியாது, விஞ்ஞானத்தை வாசிக்கிற மாதிரி வரலாற்றை வாசிக்க முடியாது. அந்தப் படியில் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டியவர் அந்தந்தப் பாடத்து வாத்தியார்தான். கைலாசம் சாரோ, வாசிப்பு தமிழ் ஐயா பார்த்துக்கொள்ளும் சங்கதி என்று இருந்தார். தமிழ் ஐயா, செய்யுளும் இலக்கணமும் முடித்தால் போதும் என்று இருந்தார். தொடக்கப் பள்ளி டீச்சர் தன் வேலையை எப்போதோ முடித்திருந்தார். நடுவில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. அவள் திக்கித் திணறியிருந்தாலாவது யாராவது கவனித்திருப்பார்கள். பாழாய்ப்போன அந்த நல்ல குரல்தான் அவளை மறைத்துவிட்டது.

எழுபத்து நாலில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை வந்தது. விஞ்ஞானத் தாளில் ஒரு கேள்வி: காற்று வீசும் நாளில் ஈரத் துணி விரைவில் உலர்வது ஏன்? சௌந்திரம் அந்தக் கேள்வியை உதட்டுக்குள் வாசித்தாள். கோடு போட்ட பதில்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். ஈரத் துணி என்று தொடங்கும் பதில் எதுவும் அவளிடம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். அதையும் சுற்றி வளைத்துத்தான் கேட்டிருந்தார்கள். அந்தத் தாளில் அவள் எழுதியதைவிட எழுதாமல் விட்ட இடம்தான் அதிகம்.

ரிசல்ட் வந்த பேப்பரை கந்தப்பன் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, அங்கேயே நின்று தேடினார். நம்பர் இல்லை. பேப்பர்காரனிடம் கொடுத்துத் தேடச் சொன்னார். அவனும் இல்லை என்றான். பொன்னாயி நம்பர் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க. அத்தன பேருக்கு நடுவுல வாசிச்சுதில்ல, கண்ணு பட்டுப் போச்சு" என்றார். அம்மா மாரக்காள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்து நெடி கிளம்பியது. நல்லவேளை, சௌந்திரம் அழுவதற்கு அது ஒரு சாக்காக இருந்தது. கைலாசம் சார் வீடு தேடி வந்து, "பரீட்சை பயம், வேற ஒண்ணுமில்லீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை எழுதினாள். அதுவும் போயிற்று. தார் சுற்றும் ராட்டை முன்னால் போய் உட்கார்ந்தாள். மறு வருஷம் அதே ஊரில் கீழத்தெரு சுவாமிநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அங்கேயும் தறிதான். கந்தப்பன் அதன்பிறகு யார் வீட்டுக் கடுதாசியையும் மகளிடம் வாசிக்கக் கொடுக்க விடவில்லை. அவர் மனது தாங்கவில்லை.

சௌந்திரத்துக்கு ஒரே மகள், வசந்தாமணி. பெண் வளர வளர ஊர் சொல்ல ஆரம்பித்தது, அம்மா குரல் அப்படியே வந்திருக்கிறது என்று. கேட்கிற ஒவ்வொரு தடவையும் சௌந்திரத்துக்குத் தன் பழைய பரீட்சைதான் ஞாபகம் வந்தது. எண்பத்தொன்பதில் வசந்தாமணி எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் மகள் புத்தகத்தை எடுத்து வாசிக்க உட்கார்ந்தாள். ராட்டையை நிறுத்திவிட்டு சௌந்திரம் கேட்டாள்: "அது என்ன சொல்லுது கண்ணு?"

வசந்தாமணி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அதே வரியை இன்னும் சத்தமாக, இன்னும் அழகாக வாசித்தாள்.

சௌந்திரம் மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். கைலாசம் சார் அங்கேயேதான் இருந்தார், தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா சௌந்திரம்! உம் பொண்ணு அப்படியே உன்னைய உரிச்சு வெச்சிருக்கறா. என்னமா வாசிக்கறா! உனக்கப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு வாசிப்பு நான் கேட்டதில்ல."

அவர் மெய்யாகவே பெருமையாகச் சொன்னார். அவள் தேறவில்லை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவ வாசிச்சது என்னன்னு அவளையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. புத்தகத்துல இருக்கற கேள்வி வேண்டாமுங்க."

"அதுக்கென்ன, இப்பவே கேட்டாப் போச்சு" என்று வசந்தாமணியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அன்று நடத்திய பாடத்தையே எடுத்துக்கொண்டார். "ஏஞ்சாமி, காத்தடிக்கற நாள்ல ஈரத்துணி ஏன் வெரசாக் காயுது?"

சௌந்திரம் பரீட்சைத் தாளில் எழுதாமல் விட்டுவந்த அதே கேள்வி. வசந்தாமணி நிமிர்ந்து நின்று கணீரென்று சொன்னாள்: "ஆவியாதலின் வேகம் வெப்பநிலை, பரப்பு, காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து அமையும்."

"சரி, அப்படின்னா என்ன?"

அவள் அதையே திரும்பவும் சொன்னாள். சார் வேறு மாதிரி கேட்டார். மூன்றாவது தடவையும் அதே வரிதான் வந்தது. குரல் மட்டும் நடுங்க ஆரம்பித்தது. சாரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குரலைத் தணித்துக் கேட்டார்: "உங்க தெருவுல பாவு நூல நீளமா இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவாங்கல்ல, அது எப்ப வெரசாக் காயும்?"

"வெயிலடிச்சாக் காயுமுங்க. காத்தடிச்சா இன்னும் வெரசா. நல்லா விரிச்சுக் கட்டோணுமுங்க, சுருண்டு கெடந்தா ஈரம் போகாது."

"இப்ப அந்த வரிய மெதுவா வாசி. ஒவ்வொரு சொல்லா நிறுத்தி வாசி."

"வெப்பநிலை…" என்று தொடங்கி அவள் நிறுத்தினாள். "அட, வெயிலு." பிறகு, "பரப்பு… விரிச்சுக் கட்டறது. காற்றோட்டம்…" அண்ணாந்து சாரைப் பார்த்தாள். "நம்ம பாவு நூலத்தான் சொல்லியிருக்குதுங்களா சார்?"

தூணோரம் நின்றிருந்த சௌந்திரத்துக்கு அந்த வரி அன்றைக்குத்தான் புரிந்தது. எத்தனை தடவை வாசித்த வரி அது! இன்றைக்குக் கேட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள். பிறந்ததிலிருந்து பாவோடு பாவாக வெயிலிலும் காற்றிலும் நின்றவள். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் பதிலும் இருந்தது, அனுபவமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஆள்தான் இல்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டும் அழுகை நிற்கவில்லை.

கைலாசம் சார் மகளைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கேட்டார்.

"சௌந்திரம்… அப்ப நீயும்?"

"அன்னைக்கே சொன்னனுங்க சார்" என்றாள் அவள்.