வெட்டப்பட்ட பெயர்

காலை ஏழு இருபதுக்கு, பென்டில் ஹில் ரயில் நிலையத்து வாசலில், என் மகள் அபிராமியின் மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. இங்கே குளிர் தொடங்கும் மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. அவளை இறக்கிவிட்டு நான் பரமட்டாவுக்கு வேலைக்குப் போகவேண்டும். காரில் இருந்த கடதாசிக் கைக்குட்டைகள் எல்லாம் முடிந்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை.

"ஹீட்டர் போட்டுப் படுத்ததில மூக்குக் காய்ஞ்சுபோச்சு அம்மா" என்றாள். நானும் அதை நம்பவே விரும்பினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள், அவளுக்கு வந்திருப்பது அக்யூட் மயிலோயிட் லுக்கீமியா (எலும்பு மச்சையில் தொடங்கி வேகமாகப் பரவும் இரத்தப் புற்றுநோய்) என்று மருத்துவர் சொன்னார். என் வயதை ஒத்த பெண். கதிரையை இழுத்து அபியின் முழங்கால் அருகே போட்டுக்கொண்டு பேசினார். "இது யாரும் செய்த பிழையால் வருவதில்லை" என்றார். நோயைப் பொறுத்தவரை அது உண்மை.

அபிக்கு இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஐந்நூறு வருடங்களுக்கு முன், இங்கிலாந்தில் டியூடர் வம்சத்தினர் ஆண்ட காலத்தில், அரசியின் அறையில் பணிசெய்த ஒரு சீமாட்டியின் மரண சாசனம்தான் அவளுடைய ஆய்வு. ஒரு தாளில் எழுதிய இறுதி விருப்பத்துக்கு ஒன்றரை வருடப் படிப்பா என்று என் கணவர் கேட்பார். அவளுக்கு அது அலுக்கவே இல்லை.

"கறுப்பு வெல்வெட் அங்கி ஒருத்திக்கு. அதிண்ட கை ரெண்டும் இன்னொருத்திக்கு" என்று குசினியில் நின்று சிரிப்பாள். "அந்தக் காலத்தில சட்டை வேற, கை வேற அம்மா. கழட்டிக் கழட்டிப் பூட்டுறது."

"அப்ப சட்டை கிடைச்சவள் கைக்கு எங்க போறது?"

"அதுதானே! சண்டை பிடிக்கட்டும் எண்டு எழுதியிருக்கிறா போல."

ஆனால் அவளை உண்மையில் பிடித்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, அடியில் இருந்த சாட்சிகளின் பெயர்கள். சாகக் கிடந்தவளின் கட்டிலைச் சுற்றி அன்று யார் நின்றார்கள் என்பது அதில் தெரியும் என்பாள். மற்றது, நடுவில் வெட்டப்பட்டிருந்த ஒரு பெயர். அதே அரசியிடம் கூடவே பணிசெய்த ஒரு தோழிக்குச் செபமாலை என்று எழுதி, பிறகு கோடிழுத்து வெட்டியிருந்தது. ஏன் வெட்டினாள் என்பதற்கு அபியிடமும் பதில் இல்லை, அவளுடைய பேராசிரியரிடமும் இல்லை.

முதல் சுற்றுக் கீமோ தொடங்கிய பிறகு அவளுக்கு நியூட்ரோபீனியா (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்துபோகும் நிலை) வந்தது. தனி அறை. சளி காய்ச்சல் இல்லாத ஒருவர் இருவர், கையைக் கழுவி முகமூடி போட்டுக்கொண்டு வந்து பார்க்கலாம். அப்படித்தான் தாதி சொன்னார். ஒருவரும் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் பின்னர் என் கணவரிடம், ஒருவரும் வரக்கூடாதாம் என்றுதான் நான் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் நான்கு பத்துக்கு அபி கண் திறந்து கேட்டாள். "அம்மா, நிரோஷிக்குச் சொன்னீங்களோ?"

நிரோஷி அவளுடைய தோழி. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். பழைய உடுப்புக் கடை ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நீலக் கோட்டு வாங்கி, ஒரு குளிர்காலம் ஒருத்தி, அடுத்த குளிர்காலம் மற்றவள் என்று முறைவைத்துப் போடுவார்கள். இப்போது நிரோஷி பிளாக்டவுனில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள்.

"ஓம், சொன்னனான்" என்றேன்.

நான் சொல்லவில்லை.

நிரோஷியிடம் சொன்னால் அவளுடைய தாய்க்குத் தெரியும். "தாய்க்குத் தெரிஞ்சா பிறகு ரேடியோ தேவையில்லை" என்றார் என் கணவர். அந்த மாதம்தான் அபிக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நோய் மாறினாலும் நோய்க்காரி என்ற பேச்சு மாறாது என்று பயந்தோம். சுகமாகி வந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அபியைக் கேட்கவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் மெல்பேர்ன் போய்விட்டாள் என்றோம். அங்குள்ள நூலகத்தில் இரண்டு வாரம் வேலை செய்ய அவள் திட்டமிட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். பாதி உண்மை கையில் இருந்ததால் பொய் சொல்வது வசதியாக இருந்தது.

திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று தொலைபேசியை அபி என்னிடம் தந்திருந்தாள். அதில் நிரோஷி கேட்டிருந்தாள்: "எங்கையடி செத்துப்போனாய்?" அவர்கள் எழுதுவது போலவே நானும் எழுதினேன்: "மெல்பேர்னில நிக்கிறன். தலைக்கு மேல வேலை. கொஞ்ச நாள் தனிய விடு." அனுப்பினேன். அவள் கேட்டதையும் நான் எழுதியதையும் அழித்தேன். ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். இனிமையாகப் பேசி ஆட்களைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பழக்கம்.

நோய் கொஞ்சம் தணிந்தது. அபி தயிர்ச்சோறு கேட்டாள். தொலைபேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். நிரோஷியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் அவளுக்கு ஒருதரம் போன் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். என்ன துணிவு எனக்கு!

"வேண்டாம். தெரிஞ்சும் வராத ஆளை வெத்திலை வச்சு அழைக்கிறதோ?"

இரண்டாம் சுற்றுக் கீமோவுக்கு முன், சாப்பாட்டுப் பட்டியல் தாளின் பின்புறத்தில் அவள் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய சாசனம். சைக்கிள், தம்பி முறையான ஒருவனுக்கு. புத்தகங்கள் பேராசிரியரின் அடுத்த மாணவிக்கு. எனக்கு அவளுடைய தலையணை. "நீங்கள் அதைக் கடைசிவரைக்கும் தோய்க்க மாட்டீங்கள்" என்று சிரித்தாள். அபசகுனம் என்று நான் தாளைப் பறிக்கப் போனேன். அப்போதுதான் நடுவில் இருந்த வரியைக் கண்டேன். "நீலக் கோட்டில் என் பங்கு, நிரோஷிக்கு" என்று எழுதியிருந்தாள். அதன் மேல் ஒரு கோடு.

"அந்த வெட்டின பெயர் இப்ப விளங்குது அம்மா" என்றாள். "அவ வரேல்லை. அவ்வளவுதான். கட்டிலடிக்கு வராதவளுக்கு ஏன் செபமாலை?"

ஒன்றரை வருடமாகத் தேடிய விடை கிடைத்துவிட்டது போல அவள் முகம் இருந்தது. அந்த விடையும் பிழையாக இருக்கலாம். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னும் அந்த அறை வாசலில் என்னைப் போல ஒருத்தி நின்று, அவ ஊரில் இல்லை என்று சொல்லித் தோழியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதை நான் சொல்லியிருக்கவேண்டும். தண்ணீர்க் குவளையை நிரப்பப் போனேன்.

ஒன்பது நாட்களின் பின் செப்சிஸ் (கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை செய்து, உறுப்புகளே பழுதாகும் நிலை) வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். சுவாசக் குழாய் போடுவதற்கு முன் சில நிமிடங்கள் தந்தார்கள்.

"அபி, நிரோஷி வந்து..." என்று தொடங்கினேன்.

"இட்ஸ் ஓகே அம்மா" என்றாள். மூச்சு முட்டியது. "ஷீஸ் பிஸி."

நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவளை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் ஒருவர் இப்போது ஏதாவது ஒரு மருத்துவமனை நடையில் இருக்கலாம். மருந்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் பிள்ளை யாருக்குச் சொல்லச் சொல்கிறதோ அவர்களுக்குச் சொல்லுங்கள். எந்த ஊர் பேசும் என்று நாங்கள் பயந்தோமோ, அந்த ஊர் துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போனது.

இன்னும் நான் கைகளை முழங்கை வரை கழுவுகிறேன். தொடுவதற்குத்தான் ஆள் இல்லை. வேலையில் யாராவது நேரம் கேட்டால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எந்த நேரமாயினும் எனக்கு அது முதலில் நான்கு பத்தாகவே தெரிகிறது. ஒரு கணம் கழித்துத்தான் முள் தன் இடத்துக்குப் போகிறது. தலையணையை நான் தோய்க்கவில்லை. அவள் சரியாகத்தான் சொன்னாள்.

அவளுடைய கடைசி நாளன்று காலை பதினொன்றரைக்கு மருத்துவர் வந்து, "வரவேண்டியவர்களை இப்போதே வரச் சொல்லுங்கள்" என்றார். நிரோஷியை அழைத்தேன். "அபி ஆஸ்பத்திரியில. உடன வா" என்று மட்டும் சொல்லி, போனை வைத்துவிட்டேன். பன்னிரண்டு ஐந்துக்கு அபி போய்விட்டாள். கட்டிலைச் சுற்றி நானும் என் கணவரும் ஒரு தாதியும் நின்றோம். மூன்று சாட்சிகள்.

பன்னிரண்டு இருபதுக்கு நடையின் கோடியில் நிரோஷி ஓடிவந்தாள். பள்ளிச் சீருடையில் பிள்ளைகளின் சாயம் பட்டிருந்தது. கையில் அந்த நீலக் கோட்டு, மடித்தபடி. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டு என் முன் நின்று கேட்டாள்:

"அன்ரி, அபி மெல்பேர்னில இருந்து எப்ப வந்தவள்?"