கடைமடைக்குச் சேர்ந்த ஒளி

மார்கழி பத்து, திங்கட்கிழமை. வழக்கம்போல் எட்டரைக்கு ஆய்வகத்தைத் திறந்து, குளிர்சாதனத்தைப் போட்டு, நாற்றுக்குத் தண்ணீர் மாற்றினேன். உப்பேறிய வயல்களுக்காக நான் ஒட்டுச்சேர்த்த நெல்லில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாற்றுதான். வேரில் உப்பு எங்கே தங்குகிறது என்று ஒளிர்ந்து காட்டும் சாயத்தை ஏற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தபோது, மற்றவை அந்த வெளிச்சத்திலேயே வெந்துபோயின. இதுவும் போனால் விதைக்கு வழியில்லை.

அதனால்தான் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்து இயற்பியல் மேடத்திடம் போனேன். அவருடைய லேசர், நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத துடிப்புகளாக மின்னும். ஒளி குவிகிற புள்ளியில் மட்டுமே சாயம் ஒளிரும். அந்தப் புள்ளிக்கு மேலேயும் கீழேயும் வேருக்குத் தொந்தரவில்லை. ஆனால் அன்று படம் மங்கலாகவே வந்தது.

“பவரைக் கொஞ்சம் கூட்டுங்க மேடம்.”

“கூட்டலாம். உங்களுக்கு வேர் வேணுமா, பொரியல் வேணுமா சார்?”

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடைக் கிராமம் அவருடையது. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “வாய்க்கால்ல சன்னமா வந்தா எங்க வயலுக்கு எட்டாது சார். தேக்கி வச்சு ஒரேயடியாத் தொறக்கணும். இங்கயும் அதான். ஒரு துடிப்புல இருக்குற நிறமெல்லாம் லேசர்லேருந்து ஒண்ணாத்தான் கெளம்புது; வழியில இருக்குற கண்ணாடியெல்லாம் துடிப்பை இழுத்து நீட்டிருது.”

கண்ணாடியில் பின்தங்கும் நிறங்களை முன்கூட்டியே கிளப்பிவிட வேண்டும். அதற்காக இரண்டு பட்டகங்களை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நாலு மணி வாக்கில் திரை பளிச்சென்றது. பவரை அவர் கூட்டவில்லை. அதன் பிறகு குறைக்கவே செய்தார். வேரின் வெளிச்சுற்றில் உப்பு ஒளிர்ந்தது. உள்ளே, தண்ணீர் ஏறும் குழாய்கள் இருட்டாக இருந்தன. உப்பு இலைக்கு ஏறவில்லை!

“இருட்டைப் பாத்து இவ்வளவு சந்தோஷப்படுற ஆளை இப்பதான் சார் பாக்குறேன்,” என்றார்.

இன்று அந்தச் சரிசெய்தலைக் கருவியே செய்துகொள்கிறது. மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். தன் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாற்றுக்காக, நான் அவசரப்பட்ட இடத்தில் அவர் நிதானமாக இருந்தார். அதன் விதைகள் கைக்கு வரும் ஒவ்வொரு பருவத்திலும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அன்று மாலை எங்களிடம் படம் மட்டுமே இருந்தது. வேர் பிழைத்ததா என்று விடிந்தால்தான் தெரியும். மறுநாள் காலை, விளக்கைக்கூடப் போடாமல் முதலில் நாற்றருகே குனிந்தேன். இலை நுனியில் ஒரு துளி நீர் நின்றது. வேர் உயிரோடு தண்ணீரை மேலே தள்ளினால்தான் அந்தத் துளி வரும். அதைத் தொடாமல் மேடத்தைக் கூப்பிட ஓடினேன்.